காய்ச்சல் விட்ட பிறகு கரும்பலகை மங்கினால்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ‘நுண்ணுயிரிகளின் உலகம்’ பாடம் நடத்தும்போது டெங்குவையும் சிக்குன்குனியாவையும் நாம் கடந்து போகிறோம். நோய், கிருமி, பரவும் விதம், அறிகுறி, தடுப்பு முறை என்று கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதுவோம். பிள்ளைகள் படித்துத் தேர்வில் எழுதிவிடுவார்கள். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பில் ‘ஒளியியல்’ வருகிறது. அங்கே கண்ணைப் படிக்கிறார்கள்: லென்சு, குவியத்தொலைவு, கிட்டப்பார்வை, தூரப்பார்வை. முதல் பாடம் உயிரியல், இரண்டாவது இயற்பியல். இரண்டும் எங்கேயும் சந்தித்துக்கொள்வதில்லை. வைரஸ் காய்ச்சலின் அறிகுறிகளில் கண் வராது. கண்ணின் குறைபாடுகளில் வைரஸ் வராது.

ஆனால் நம் மதுரையில் இவை இரண்டும் சந்தித்திருக்கின்றன. உலகெங்கும் உள்ள கண் மருத்துவர்கள் இன்றும் படிக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் அந்தச் சந்திப்பு பதிவாகி இருக்கிறது. அந்த வரலாற்றைச் சொல்லி, அதை வகுப்பறையில் நான் எப்படிப் பயன்படுத்துகிறேன் என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் மதுரைக்கு வெளியே, கண்மாயும் வயலும் சூழ்ந்த ஊர் ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனாலும் ஒரு பிள்ளையின் பார்வையில் ஏற்படும் மாற்றத்தை முதலில் பார்க்கும் இடத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் நாம்தான்.

விழித்திரையை எப்படி நடத்துவது?

கண்ணைக் கேமராவோடு ஒப்பிட்டுச் சொல்வது பழக்கம். லென்சுக்கு அது சரியாகப் பொருந்தும். விழித்திரைக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் எண்ணம். ஃபிலிம் கெட்டுப்போனால் வேறு மாற்றலாம். விழித்திரையை மாற்ற முடியாது. அது மூளையின் ஒரு பகுதி. கருவில் மூளை உருவாகும்போதே அதிலிருந்து முன்னோக்கி வளர்ந்து வந்த நரம்புத் திசு அது.

வெங்காயத் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோமே, அதை முதலில் நினைவூட்டுவேன். அதுபோல மெல்லியதாக, ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமனில், கண்ணின் உட்சுவரில் பின்பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது விழித்திரை. அந்தக் கால் மில்லிமீட்டருக்குள் பத்து அடுக்குகள். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் சுமார் 12 கோடி. நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். கூம்பு செல்கள் நெருக்கமாகக் கூடியிருக்கும் இடம்தான் மஞ்சள் புள்ளி. ‘ழ’ எது, ‘ள’ எது என்று பிரித்துப் பார்ப்பது அந்தச் சிறிய இடம். மீதி விழித்திரை முழுவதும் நன்றாக இருந்து அந்த இடம் மட்டும் பழுதானால், பிள்ளை தடுமாறாமல் நடக்கும், பந்து விளையாடும், படிக்க மட்டும் முடியாது.

இந்த இடத்தில் குருட்டுப் புள்ளிச் சோதனையைச் செய்ய வைப்பேன். நோட்டில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து 8 சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளி ஒரு கரும்புள்ளி. இடது கண்ணை உள்ளங்கையால் மூடி, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி நோட்டை மெல்ல முகத்தருகே கொண்டுவர வேண்டும். சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் கரும்புள்ளி மறைந்துபோகும். வகுப்பு முழுவதும் “ஏ, காணோம்டி” என்று சத்தம் எழும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். பரவாயில்லை.

சத்தம் அடங்கியதும் கேட்க வேண்டிய கேள்வி இது: புள்ளி மறைந்த இடத்தில் என்ன தெரிந்தது? கறுப்பாக ஓட்டையா தெரிந்தது? இல்லை, வெள்ளைத்தாள்தான் தெரிந்தது. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் அந்த இடத்தில் ஒளியை உணரும் செல்களே இல்லை. ஆனாலும் நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு கண்ணிலும் உள்ள அந்த ஓட்டையை வாழ்நாள் முழுவதும் நாம் உணர்வதில்லை. சுற்றியிருப்பதைக் கொண்டு மூளை நிரப்பிவிடுகிறது. ஒரு கண் தவறவிடுவதை இன்னொரு கண்ணும் ஈடுகட்டிவிடுகிறது.

விழித்திரைக்குள் நோய் வரும்போது பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை என்பதற்கு இந்தச் சோதனையிலேயே பாதி விடை இருக்கிறது. மீதி விடை வலி. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அங்கே புண்ணாகி, வீங்கி, இரத்தம் கசிந்தாலும் அது வலிக்காது. பல நேரங்களில் வெளியே கண் சிவக்கவும் செய்யாது. அம்மா பார்த்தால் கண் தெளிவாகத்தான் இருக்கும்.

நம் ஊரில் கண்நோய் என்றவுடன் நினைவுக்கு வருவது ‘மெட்ராஸ் ஐ’. கண் சிவந்து, பீளை தள்ளி, மணல் விழுந்தது போல உறுத்தும். அதற்கும் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ஆனால் அது வெள்ளை விழியின் மேல்படலத்தோடு நிற்பது. ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். பார்ப்பவர்கள் பயந்து ஒதுங்குவது இதற்குத்தான். பயப்பட வேண்டிய இன்னொன்று சத்தமில்லாமல் வருகிறது.

2006: கால் தாங்கி நடந்த ஊர்

2006ஆம் ஆண்டை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் அப்போதுதான் பி.எட். முடித்து வேலைக்கு வந்திருந்தேன். தெருவுக்குத் தெரு ஆட்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சாக்பீஸைப் பிடிக்க விரல் மடங்கவில்லை என்று மூத்த ஆசிரியர்கள் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு நிலவேம்புக் கசாயம். சிக்குன்குனியா என்ற பெயரையே அன்றுதான் பலர் கேள்விப்பட்டார்கள்.

பெயர் புதிதே தவிர நோய் நமக்குப் புதிதல்ல. 1952இல் இன்றைய தான்சானியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது. அங்குள்ள மக்கோண்டே மக்களின் மொழியில், உடல் வளைந்து முறுக்கிப்போவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் வந்தது. இந்தியாவில் 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னையிலும் பரவியது. 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் வந்துவிட்டுப் போனது. அதன்பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிய பரவல் இல்லை. ஒரு தலைமுறைக்கே எதிர்ப்பாற்றல் இல்லாத நிலையில் 2005 இறுதியில் திரும்பி வந்தது. 2006இல் மட்டும் நாடு முழுவதும் ஏறத்தாழ 13.9 லட்சம் பேருக்கு இந்தக் காய்ச்சல் இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் மருத்துவர்கள் ஓர் ஒற்றுமையைக் கவனித்தார்கள். பார்வை மங்குகிறது என்று வருகிறார்கள். விசாரித்தால் சில நாள்களுக்கு முன்போ சில வாரங்களுக்கு முன்போ சிக்குன்குனியா வந்திருக்கிறது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது என்பதையும், கண்புரை அறுவை சிகிச்சைக்காக அது பெயர்பெற்றது என்பதையும் நம் மாணவர்கள் அறிவார்கள். அங்கே ஆய்வும் நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். மருத்துவர்கள் லலிதா, ரத்தினம் உள்ளிட்ட குழுவினர் அப்படி வந்தவர்களில் 37 பேரின் விவரங்களைத் தொகுத்து, 2007இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். சிலருக்கு விழியின் முன்பகுதியில் அழற்சி, சிலருக்குப் பார்வை நரம்பில் அழற்சி. உரிய சிகிச்சையால் பெரும்பாலோருக்குப் பார்வை நன்றாகத் திரும்பியது. அடுத்த ஆண்டு பெங்களூரு மருத்துவர்களும் இதேபோன்ற கட்டுரையை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த ஒன்பது பேரில் மூவருக்கு விழித்திரையிலேயே அழற்சி.

37 என்பது சின்ன எண்தானே என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும். பல லட்சம் பேருக்கு வந்த காய்ச்சலில் கண் பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர்தான். எனவே காய்ச்சல் வந்த எல்லோரும் கலங்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிலர் யார் என்பது முன்கூட்டித் தெரியாது. வந்தவரிடம் “சமீபத்தில் காய்ச்சல் வந்ததா?” என்ற ஒரு கேள்வியைச் சலிக்காமல் கேட்டதால்தான் தொடர்பு புலப்பட்டது. அறிவியல் முறை என்றால் என்ன என்று விளக்க இதைவிடப் பக்கத்து ஊர் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

வைரஸ் உள்ளே என்ன செய்கிறது?

இதை மாணவர்களுக்குச் சொல்லும்போது மூன்று வழிகளைச் சொல்கிறேன். மூன்றும் தனித்தனியாகவும் நடக்கலாம், சேர்ந்தும் நடக்கலாம்.

கண்டதும் உள்ளே புகாதபடி விழித்திரையின் இரத்தக் குழாய்களில் ஒரு தடுப்பு இருக்கிறது. குழாயின் உட்சுவரில் செல்கள் இடைவெளி விடாமல் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருப்பதே அந்தத் தடுப்பு. சில வைரஸ்கள் அதைத் தாண்டி உள்ளே போய்ச் செல்களையே அழிக்கின்றன. இது முதல் வழி. சின்னம்மையை உண்டாக்கும் வைரஸும் அதன் குடும்பத்தைச் சேர்ந்தவையும் அரிதாக இப்படிச் செய்யும்; செய்தால் சில நாள்களிலேயே விழித்திரையின் ஓரம் தொடங்கி நடுவரை திசு இறந்துகொண்டே வரும். அது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாத அவசரம். அம்மை கண்டால் வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வீட்டை விட்டு வெளியே அழைத்துப் போகாத வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அந்த வழக்கத்தோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் பிள்ளை பார்வை மங்குகிறது என்று சொன்னால் தண்ணீர் ஊற்றும் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது என்று பெற்றோரிடம் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது வழியில் சேதம் செய்வது வைரஸ் அல்ல, நம் உடலின் எதிர்ப்பாற்றல். வைரஸை விரட்ட வந்த வெள்ளணுக்களும் வேதிப்பொருள்களும் விழித்திரையையும் சேர்த்துத் தாக்குகின்றன. திருடனைப் பிடிக்க வந்தவர்கள் வயலை மிதித்து நாசமாக்கியது போல. காய்ச்சல் விட்டு வாரக்கணக்கில் கழித்தும் கண் பாதிக்கப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சிக்குன்குனியாவுக்குப் பிந்தைய விழித்திரை அழற்சி பலருக்கு அப்படித்தான் தாமதமாக வருகிறது.

மூன்றாவது வழி இரத்தக் குழாய். டெங்குவில் குழாய்கள் கசியும், தட்டணுக்கள் குறையும். இது உடல் முழுவதும் நடப்பது. அது மஞ்சள் புள்ளியில் நடந்தால் அங்கே நீர் கோத்து வீங்கும், சிறு இரத்தக் கசிவுகள் தோன்றும். காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில், அதாவது காய்ச்சல் இறங்கி எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விடும் நேரத்தில், பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் நிறத் திட்டு தெரியத் தொடங்கும். சிங்கப்பூரில் 2005இல் டெங்கு பெருமளவில் பரவியபோது மருத்துவர்கள் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி டெங்கு வந்து பத்து நாள் விடுப்புக்குப் பிறகு திரும்பினாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை. வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் சொல்லின் முதலும் கடைசியும் சரியாக வந்தன, நடு எழுத்து விழுந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து வரியைத் தேடினாள். என்னம்மா என்று கேட்டேன். “நடுவுல ஈ உக்காந்திருக்க மாதிரியே இருக்கு டீச்சர். எங்க பாத்தாலும் கூடவே வருது” என்றாள். அம்மாவை வரச் சொன்னேன். “லீவு போட்டு வீட்டுல இருந்தவ, படிக்கச் சோம்பேறித்தனம் டீச்சர். கண்ணு தெளிவாத்தான இருக்கு. சூடு ஏறிருக்கும்னு எங்க அத்தை எண்ணெய் வைக்கச் சொன்னாக” என்றார். கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்து, நடுவில் புள்ளி வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு கண்ணிலும் நடுக்கட்டங்கள் சில இல்லை என்று அவள் விரலால் வட்டமிட்டுக் காட்டியதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். மறுபேச்சு பேசவில்லை. மறுநாள் மதுரைக்குக் கூட்டிப்போனார். விழித்திரையின் நடுவில் வீக்கம் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. சில மாதங்களில் பார்வை பெரும்பகுதி திரும்பியது. ஒரு கண்ணில் சிறு திட்டு மட்டும் இருந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாம் எழுதினாள்.

வயலிலிருந்து ஒன்று, கருவறையிலிருந்து ஒன்று

டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக் கொசு. நல்ல நீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். பள்ளி நேரமும் அதன் நேரமும் ஒன்று. உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கும் கொட்டகை, மூடியில்லாத சின்டெக்ஸ் தொட்டி, செடி வளர்க்கிறோம் என்று தொங்கவிட்டிருக்கும் பாதி பாட்டில்கள் எல்லாம் அதற்கு வீடு. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்தால் போதும். எங்கள் பசுமைப் படைக்கு வெள்ளிக்கிழமை மதியம் இதுதான் வேலை.

க்யூலெக்ஸ் வேறு. அது சாக்கடையிலும் வளரும், தண்ணீர் கட்டிய நெல் வயலிலும் வளரும். பறவைகளிடமிருந்து மனிதருக்கு வெஸ்ட் நைல் வைரஸைக் கொண்டு வருவது அந்தக் கொசு. 1937இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் நமக்கு வெகுதொலைவு என்றுதான் தோன்றும். ஆனால் 2010 தொடங்கி 2012 தொடக்கம் வரை தமிழ்நாட்டில் காய்ச்சல் பரவியபோது, அதற்குப் பிறகு கண் பாதிப்போடு மதுரை அரவிந்துக்கு வந்தவர்களைச் சிக்குன்குனியா, டெங்கு, வெஸ்ட் நைல் மூன்றுக்கும் பரிசோதித்தார்கள். பலருக்கு வெஸ்ட் நைல் என்று தெரிந்தது. விழித்திரையிலும் பார்வை நரம்பின் முனையிலும் அழற்சி. இது 2013இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. வெஸ்ட் நைல் விழித்திரையைத் தாக்கும் ஆபத்து சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. எங்கள் ஆசிரியர் அறையில் மதியச் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை எடுப்பவர்களை எண்ணினால் இது பிள்ளைகளுக்கு மட்டுமான செய்தி அல்ல என்பது விளங்கும்.

ரூபெல்லாவின் கதை வேறு மாதிரி. பிள்ளைக்கு வந்தால் லேசான காய்ச்சல், சிவந்த தடிப்பு, மூன்று நாளில் போய்விடும். கருவுற்ற முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால் கருவிலிருக்கும் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் தாக்கும். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இதைக் கண்டுபிடித்த விதமும் மதுரைக் கதை போன்றதே. பிறவியிலேயே கண்புரையோடு குழந்தைகள் அடுத்தடுத்து வருவதைக் கண்டு, தாய்மாரிடம் கர்ப்பகாலத்தில் என்ன நோய் வந்தது என்று விசாரித்தார். 78 குழந்தைகளின் விவரத்தைத் தொகுத்தார். அதுவரை மருத்துவ உலகம் அற்பமாக நினைத்த ஒரு தடிப்புக் காய்ச்சல் குற்றவாளி என்று தெரிந்தது. அத்தகைய குழந்தைகளின் விழித்திரையில் உப்பும் மிளகும் தூவியது போல வெளிர்ந்தும் கறுத்தும் புள்ளிகள் இருக்கும். பார்வையைப் பெரிதும் பறிப்பது கண்புரைதான். விழித்திரைப் புள்ளிகள் வைரஸ் வந்து போன தடம். 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மதுரை அரவிந்துக்குக் கண்புரையோடு கொண்டுவரப்பட்ட ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ கால் பங்கினருக்கு ரூபெல்லாவே காரணம் என்று கண்டார்கள்.

2017 பிப்ரவரியில் நம் பள்ளிகளில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது நினைவிருக்கும். ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும். வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வந்தது. மலட்டுத்தன்மை வரும், மயங்கி விழுவார்கள் என்று. எங்கள் பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டமாக நின்று பிள்ளையை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். ரூபெல்லா பற்றி நான் சொன்னது பாதிப் பேருக்குக் காதில் ஏறவில்லை. என் மகன் அப்போது நான்காம் வகுப்பு. அவனை வரவழைத்து அதே வரிசையில் முதல் ஆளாக நிற்க வைத்தேன். அதன்பிறகு சிலர் உள்ளே வந்தார்கள். அன்று எட்டாம் வகுப்பில் ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார்கள். பிறக்கும் குழந்தையின் கண்ணுக்கான பாதுகாப்பு, அதன் தாய் பள்ளிக்கூடத்தில் நின்ற ஒரு வரிசையில் தொடங்கியது என்பதை எத்தனை பேர் நினைப்பார்கள்?

தட்டம்மையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், சொல்லவே மனம் வராத ஒன்று. சின்ன வயதில் தட்டம்மை வந்த பிள்ளைகளில் மிகச் சிலருக்கு வைரஸ் மூளையில் தங்கிவிடுகிறது. ஆறேழு ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. பிறகு கையெழுத்து கோணும், படிப்பு சரியும், குணம் மாறும், கை கால் திடீரென்று வெட்டும். இவை தெரிவதற்கு முன்பே சிலருக்கு மஞ்சள் புள்ளி பாதிக்கப்பட்டுப் பார்வை போகிறது. அந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. வராமல் தடுக்க முடியும், இரண்டு தவணைத் தடுப்பூசியால். நன்றாகப் படித்த பிள்ளை காரணமில்லாமல் சரியும்போது திட்டுவதற்கு முன் ஒரு மருத்துவரிடம் காட்டச் சொல்லலாம்.

வகுப்பறையில் செய்யக் கூடியது

நோயைக் கண்டுபிடிப்பது நம் வேலை அல்ல. கவனிப்பதும் அனுப்புவதும் நம் வேலை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு கண் பரிசோதனை செய்கிறது, கண்ணாடி கிடைக்கிறது. அது பெரும் உதவி. ஆனால் அந்தக் குழு ஜூலையில் வந்து போயிருக்கும், டெங்கு நவம்பரில் வரும். இடைப்பட்ட காலத்துக்கு நாம்தான்.

ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சலுக்காக விடுப்பு எடுத்துத் திரும்பும் பிள்ளையின் பெயருக்கு நேரே வருகைப் பதிவேட்டைத் தொடாமல் என் குறிப்பேட்டில் தேதி எழுதி வைக்கிறேன். அடுத்த எட்டு வாரம், திங்கட்கிழமை தோறும் இரண்டு நிமிடம். கரும்பலகையில் ஒரே அளவு எழுத்தில் ஐந்து சொற்கள். ஒவ்வொரு கண்ணாக மூடி, எப்போதும் உட்காரும் இடத்திலிருந்து படிக்க வேண்டும். விரல்களால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார்கள்; விரலால் அழுத்தினால் அந்தக் கண்ணே சற்று நேரம் மங்கிவிடும். உள்ளங்கையைக் குழித்து மூடச் சொல்லுங்கள். முதல் கண் படித்த சொற்களையே அடுத்த கண்ணுக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் ஞாபகத்தில் சொல்லிவிடுவார்கள்.

பிறகு கட்டம் போட்ட தாள். நடுவில் கரும்புள்ளி. 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, கண்ணாடி போடும் பிள்ளை கண்ணாடியோடே, ஒரு கண்ணை மூடிப் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். புள்ளி தெரிகிறதா, கோடு எங்காவது நெளிகிறதா, ஏதாவது கட்டம் காணவில்லையா? மூன்று கேள்விதான். “சரியா தெரியுதா?” என்று கேட்காதீர்கள். எல்லாப் பிள்ளையும் “தெரியுது டீச்சர்” என்றுதான் சொல்லும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது எடுபடாது. அவர்களைக் கவனிக்க வேறு வழி: ஒரு கண்ணை மூடும்போது மட்டும் அழுவது, கையைத் தட்டிவிடுவது, புத்தகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பது, திடீரென்று ஒரு கண் விலகி நிற்பது.

மாற்றம் தெரிந்தால் அன்றே பெற்றோரை அழைக்கிறேன். அரசு இராசாசி மருத்துவமனையில் கண் பிரிவு உண்டு, மற்ற கண் மருத்துவமனைகளும் உண்டு. எங்கே போனாலும் “இந்தத் தேதியில் இந்தக் காய்ச்சல் வந்தது” என்று முதலிலேயே சொல்லச் சொல்லி, அதை ஒரு துண்டுத் தாளில் எழுதியும் கொடுக்கிறேன். இரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தால் அதையும் எடுத்துப் போக வேண்டும். கண்ணில் எண்ணெய், தாய்ப்பால், இலைச் சாறு எதுவும் விடக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் கூடாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு, சில வைரஸ் தொற்றுகளைக் கிளறிவிடும்.

இன்னொன்றையும் பெற்றோரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. விழித்திரையைப் பார்க்கக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள். அது விட்டதும் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், பக்கத்தில் உள்ள எழுத்து தெரியாது. “ஆஸ்பத்திரிக்குப் போயி இருந்த பார்வையும் போச்சு” என்று பயந்து பாதியில் திரும்பி வந்தவர்கள் உண்டு. அன்று பேருந்தில் பிள்ளையைக் கைப்பிடித்துக் கூட்டி வர வேண்டும், வெயிலுக்கு ஒரு தொப்பி எடுத்துப் போக வேண்டும். வீட்டுப்பாடம் மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று நாமே சொல்லி அனுப்பிவிடலாம்.